கூரை மட்டும் போதாது: மாடியிலும் சிட்-அவுட்டிலும் டி.வி. மாட்டுவோருக்கான கேள்வி பதில்

மாடிக்கு ஷீட் போட்டு, ஊஞ்சல் கட்டி, பிரம்பு நாற்காலியும் வாங்கிய பிறகு வீட்டில் எழும் அடுத்த பேச்சு, “இங்கேயும் ஒரு டி.வி. இருந்தால் நன்றாக இருக்குமே” என்பதுதான். அப்படிப் பேசத் தொடங்கிய வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

மொட்டை மாடியில் 20-க்கு 15 அடி அளவில் கலர் ஷீட் கூரை போட்டிருக்கிறோம். மூன்று பக்கமும் திறப்பு. கடற்கரை 600 மீட்டர் தூரம். வீட்டில் சும்மா இருக்கும் 55 அங்குல டி.வி.யையே அங்கே மாட்டிவிடலாமா? கூரைதான் இருக்கிறதே?
*வாசகி, திருவான்மியூர்*

கூரை தடுப்பது தலைக்கு மேலே விழும் மழையை மட்டும்தான். உங்கள் இடத்தில் டி.வி.யைக் கெடுக்கப்போவது அந்த மழையல்ல. உப்புக் காற்றும் ஷீட்டின் சூடும்.

முதலில் உப்பு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். கடற்காற்று கொண்டுவரும் உப்புத்தூள் டி.வி.யின் பின்புறத் துளைகள் வழியே போய் போர்டுகளின் மேல் படியும். பகலில் அது வெறும் தூசி. விடிகாலையில் ஈரப்பதம் ஏறும்போது அதுவே மின்சாரம் கடத்தும் உப்புநீர்ப் படலமாகிவிடும். போர்டில் இரண்டு பற்றவைப்புகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. மின்கசிவு அங்கேதான் தொடங்குகிறது, செம்பு பச்சை பூக்கிறது. திரையின் ஓரத்தில் நிரந்தரமாக ஒரு செங்குத்துக் கோடு, தானாக அணைந்து எரிவது, ஒரு எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் வேலை செய்யாதது ஆகியவை முதல் அறிகுறிகள். அந்தக் கட்டத்தில் போர்டை மாற்றினாலும் புது போர்டுக்கும் அதே கதிதான். வெளிப்புற டி.வி.க்களில் உட்பகுதியை மூடி முத்திரையிட்டிருப்பார்கள். போர்டுகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முக்கியமாக இவற்றுக்குத்தான்.

அடுத்தது சூடு. சாதாரண டி.வி.க்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை என்று பெரும்பாலும் 10 முதல் 40 டிகிரி வரைதான் போட்டிருப்பார்கள். மே மாதத்தில் நிழலிலேயே 40 ஆகும் நாட்கள் சென்னையில் உண்டு. தகர ஷீட் வெயிலில் கைவைக்க முடியாத அளவு காய்ந்து, அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். பவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையின் அடிப்படைக் கணக்கு. எந்த டி.வி. வாங்கினாலும் ஷீட்டுக்குக் கீழே 50 மில்லிமீட்டர் பஃப் பேனலோ (சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகை) ஃபால்ஸ் சீலிங்கோ போடுங்கள். டி.வி.யின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே ஒன்றரை அடியாவது இருக்கட்டும். சூடான காற்று கூரைக்குக் கீழேதான் தேங்கி நிற்கும்.

ஆகவே, 600 மீட்டரில் கடல், மூன்று பக்கமும் திறப்பு, நிரந்தரமாக மாட்டப்போகிறீர்கள் என்றால் வெளிப்புற மாடலை வாங்குங்கள். பழைய டி.வி.யை, போனால் போகட்டும் என்ற மனதோடு மட்டும் மாட்டலாம். அப்போதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத இணைப்பில் கொடுக்காதீர்கள். ஏன் என்பது கீழே வேலூர் வாசகருக்கான பதிலில் இருக்கிறது.

கடையில் ஒரு டி.வி.யைக் காட்டி “வாட்டர்ப்ரூஃப்” என்கிறார்கள். இன்னொன்றில் ஐபி 55 என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?
*வாசகர், திருச்சி*

எண்ணை நம்புங்கள். “வாட்டர்ப்ரூஃப்” என்ற சொல்லுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. ஐபி எண்ணுக்கு ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசியில் 5 என்றால் கொஞ்சம் புகலாம், ஆனால் இயக்கத்தைக் கெடுக்காது. 6 என்றால் அறவே புகாது. தண்ணீரில் 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாய் உள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சினாலும் தாங்கும். 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் வாயில் நிமிடத்துக்கு 100 லிட்டர். சாம்சங் 2020-இல் கொண்டுவந்த ‘த டெரஸ்’ டி.வி. ஐபி 55 வகை. கூரையுள்ள சிட்-அவுட்டுக்கு ஐபி 54 அல்லது 55 போதும். இரண்டாம் இலக்கத்தில் 6-க்கு மேல் தேடிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

கடைக்காரர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு விஷயம். ஒன்று, இந்தச் சோதனையைப் புதுப்பெட்டியில் நல்ல தண்ணீரைக் கொண்டுதான் செய்கிறார்கள். உப்புக் காற்று, வெயிலில் காய்ந்துபோன ரப்பர் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. ஐந்து வருடம் கழித்தும் அதே 55 இருக்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டு, அந்த எண் பின்பக்கக் கேபிள் மூடியைச் சரியாகப் பூட்டியிருந்தால் மட்டுமே செல்லும். அந்த மூடியில் கேபிள் நுழையும் இடத்தில் ரப்பர் அடைப்புகள் இருக்கும். கேபிள் போகாத துளையை அடைக்காமல் விடுவதும், மூடி இடிக்கிறது என்று கழற்றிப்போடுவதும் மாட்டுபவர்கள் அதிகம் செய்யும் தவறு. மாட்டி முடித்ததும் ஏணியில் ஏறி நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெட்டியின் மேலுள்ள விளம்பரத்தை விட்டுவிட்டு, டி.வி.யின் முதுகில் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். வாரன்டி அட்டையில் “வெளிப்புற உபயோகம்” என்று எழுதியிருக்கிறதா என்பதையும் படியுங்கள். சாதாரண டி.வி. வாரன்டிகள் தண்ணீர், பூச்சி, பல்லி சேதங்களை ஏற்பதில்லை.

மதியம் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை கிரிக்கெட் பார்க்க முடியவில்லை. திரையில் எங்கள் முகம்தான் தெரிகிறது. தாழ்வாரத்தில் நேர் வெயில் விழாது. எத்தனை நிட்ஸ் உள்ள டி.வி. வேண்டும்?
*வாசகர், மதுரை*

ஊகிக்க வேண்டாம், கணக்கே போட்டுவிடலாம். நிட்ஸ் என்பது திரை தரும் பிரகாசத்தின் அளவு, லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, போனை டி.வி. இருக்கும் இடத்தில் திரை பார்க்கும் திசையிலேயே பிடியுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் 500-ஆ, 5,000-ஆ என்று தெரிந்துவிடும். ஹாலில் 100 முதல் 300 லக்ஸ் வரும். நேர் வெயில் விழும் இடத்தில் 1 லட்சம். நிழலான தாழ்வாரம் இவற்றுக்கு நடுவே சில ஆயிரங்களில் நிற்கும்.

உங்களுக்கு 5,000 லக்ஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையின் மேற்பரப்பு அதில் 2 சதவீதத்தைச் சிதறடித்தாலும், 5,000 × 0.02 ÷ 3.14, அதாவது ஏறக்குறைய 32 நிட்ஸ் வெளிச்சம் கறுப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். 300 நிட்ஸ் டி.வி.யில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்காகச் சுருங்கிவிடும். இரவுக் காட்சி ஒன்றுமே தெரியாது. பச்சை மைதானம் வெளுத்துத் தெரியும். 1,000 நிட்ஸ் என்றால் முப்பது மடங்கு, கிரிக்கெட்டுக்கு அது போதும். தோராயமாக, 1,000 லக்ஸ் வரைக்கும் நல்ல சாதாரண டி.வி.யின் 400-500 நிட்ஸ் தாங்கும். 5,000 வரைக்கும் 1,000 நிட்ஸ். அதற்கு மேல் 1,500-2,000. அளவைத் தாளில் “பீக்” என்று போட்டிருந்தால் அது திரையின் ஒரு மூலை சில நொடிகள் காட்டும் உச்சம். திரை முழுவதும் வெள்ளையாக இருக்கும்போது எவ்வளவு என்று கேளுங்கள்.

ஆனால் நீங்கள் “எங்கள் முகம் தெரிகிறது” என்கிறீர்கள். அது கண்ணாடிபோலப் பிரதிபலிப்பது. நிட்ஸைக் கூட்டினாலும் அது முழுதாக மறையாது. உங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்த வானம் இருப்பதால்தான் இது நடக்கிறது. டி.வி.யைத் திறப்புக்கு எதிர்ச் சுவரிலிருந்து எடுத்து, திறப்புக்குச் செங்கோணமாக உள்ள பக்கச் சுவருக்கு மாற்றிப் பாருங்கள். அது முடியாவிட்டால் சாய்வு வசதியுள்ள மவுன்ட்டில் 5 முதல் 10 டிகிரி கீழ்நோக்கிச் சாயுங்கள். வானம் போய் தரை தெரியும், தரை இருட்டானது. பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தால் ஒரு பாய் விரியுங்கள். இரண்டாயிரம் ரூபாய் மூங்கில் திரை ஒன்று பல வீடுகளில் புது டி.வி. வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

மாலை ஐந்து மணிச் சாய்வெயில் ஐந்து நிமிடமாவது நேராகத் திரையில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். எல்.சி.டி. திரைக்குள்ளே இருக்கும் திரவப் படிகம் ஒரு வெப்பநிலைக்கு மேல் தன் ஒழுங்கை இழந்துவிடும். சாதாரண பேனல்களில் அந்த எல்லையை வெயில் எட்டிவிடும். அப்போது திரை நடுவே கறுப்புத் திட்டு வரும். ஆறினால் மறைந்துவிடும். அடிக்கடி வந்தால் மேலுள்ள போலரைசர் படலம் மஞ்சளாகி நிரந்தரக் கறையாகிவிடும். வெயில் தாங்கும் பேனல்களில் இந்த எல்லை 110 டிகிரி அளவுக்கு உயர்த்தப்பட்டிருக்கும்.

ஓஎல்இடி வாங்கலாமா?
*வாசகர், ஈரோடு*

வேண்டாம். ஓஎல்இடி என்பது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை. திரை முழுவதும் வெளிச்சமான காட்சியில் அதன் பிரகாசம் இறங்கிவிடும். சேனல் முத்திரையும் ஸ்கோர் பட்டையும் திரையில் பதிந்துபோகும் சிக்கலும் உண்டு. உச்சப் பிரகாசத்தில் வெப்பமான இடத்தில் ஓட்டினால் அது இன்னும் சீக்கிரம் வரும்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கிருந்து வெளிப்புற டி.வி. அனுப்புகிறேன் என்கிறான். இங்கே வேலை செய்யுமா?
*வாசகர், காரைக்குடி*

அங்கே இதில் தேர்வு அதிகம் என்பது உண்மை. முழு நிழல், பாதி வெயில், முழு வெயில் என்று மூன்று வகையாகப் பிரித்தே விற்கிறார்கள். உதாரணமாக, சன்பிரைட் நிறுவனத்தின் ‘வெராண்டா’ வரிசை முழு நிழலுக்கானது. காரைக்குடி வீட்டு முற்றத்துத் தாழ்வாரம் என்றால் முழு நிழல் வகையே போதும்.

மகனிடம் நான்கு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். பின்புற லேபிளில் “100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்” என்று இருக்க வேண்டும். வெறும் 120 வோல்ட் என்றால் நம் 230-இல் செருகிய நொடியே பவர் போர்டு போய்விடும். இரண்டாவது, நம் ஊர் செட்-டாப் பாக்ஸ் 50 ஹெர்ட்ஸில் படம் அனுப்பும். அதை ஏற்காத அமெரிக்க மாடல்கள் சில உண்டு. பாக்ஸின் செட்டிங்கில் 60-க்கு மாற்ற முடிந்தால் பிரச்சினை தீர்ந்தது. மூன்றாவது, சேனல்களைப் பிடிக்கும் அங்குள்ள ட்யூனர் இங்கே உதவாது. எச்.டி.எம்.ஐ. வழியாகத்தான் எல்லாமே. நான்காவதுதான் பெரியது: வாரன்டி இங்கே செல்லாது, உதிரிப் பாகமும் கிடைக்காது. கப்பலில் வரும் வழியில் பேனல் உடைந்தால் அதோடு சரி. இந்தக் காரணத்தால் எங்கள் யோசனை, கடைவீதிக் கண்ணாடிகளுக்குப் பின்னால் வைக்கும் ஹை-பிரைட்னஸ் டிஸ்பிளேக்களை இங்கேயே விசாரிப்பது. 700 நிட்ஸிலிருந்து 2,500-க்கு மேல் வரை கிடைக்கும். நாள் முழுக்க ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை. அவற்றில் பலவற்றுக்கு ஐபி மதிப்பு இருக்காது, ட்யூனரும் ஒலிபெருக்கியும் இல்லாமலும் வரலாம். கடல் தூரமான காரைக்குடியில் மழை எட்டாத தாழ்வாரத்துக்கு இது போதும்.

சாதாரண டி.வி.யையே வாங்கி, அலுமினிய வேலை செய்பவரிடம் பெட்டி செய்து உள்ளே வைத்துவிட்டால்? முன்னால் அக்ரிலிக், பின்னால் ஏ.சி.பி. ஷீட் (அலுமினியம் ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) போட்டு சுற்றிலும் சிலிக்கான் அடித்து முழுக்க மூடித் தருகிறேன் என்கிறார்.
*வாசகி, கோயம்புத்தூர்*

பெட்டி நல்ல யோசனைதான். முழுக்க மூடுவதுதான் தவறு. 55 அங்குல டி.வி. 120 வாட் எடுக்கிறது என்றால் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும். மூடிய பெட்டிக்குள் 120 வாட் குண்டு பல்பை எரியவிட்டதற்குச் சமம். ஒரு மேட்ச் முடிவதற்குள் உள்ளே 55-60 டிகிரி போய்விடும். இரவில் அணைத்ததும் உள்ளே சிக்கிய ஈரம் குளிர்ந்து அக்ரிலிக்கின் உட்புறத்தில் முத்து முத்தாக நிற்கும். சிலிக்கான் அடித்திருப்பதால் அது வெளியே போக வழியிருக்காது.

காற்று போகும் பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். கணக்கு இது: மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்பதற்கு, வாட்டை 3.1-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏற்றத்தை அனுமதிக்கிறீர்களோ அதனால் வகுங்கள். 120 வாட், 5 டிகிரி என்றால் 74 கன மீட்டர். மின்விசிறிக் கடைக் கணக்கில் 44 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று 50-க்கு மேல் தருவதாக எழுதியிருக்கும். ஆனால் வலையும் மடிப்பும் வந்தால் பாதியாகிவிடும். ஆகவே இரண்டு ஃபேன், 12 வோல்ட் டி.சி., 35 டிகிரியில் தானாக ஓடத் தொடங்கும் தெர்மோஸ்டாட் ஒன்று. ஃபேனை மேலே வைத்துக் காற்றை வெளியே தள்ளவிடாமல், கீழே வலைக்குப் பின்னால் வைத்து உள்ளே தள்ளவிடுங்கள். பெட்டிக்குள் கொஞ்சம் அழுத்தம் கூடி நிற்பதால், தூசி கண்ட கண்ட இடுக்கு வழியாக நுழையாது. வலையைத் துடைத்தால் போதும். வெளியேறும் வழி மேல் பகுதியில், கீழ்நோக்கிச் சரிந்த லூவர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட தட்டி) வைத்து.

டி.வி.யைச் சுற்றி நான்கு பக்கமும் 75 மில்லிமீட்டர், பின்னால் 100 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். அடித்தகட்டில் இரு மூலையிலும் 6 மில்லிமீட்டர் துளை, உள்ளே வந்த நீர் வடிய. முன்புறத்துக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் பாலிகார்பனேட், புற ஊதாப் பூச்சுள்ள பக்கம் வெளியே வரும்படி. தப்பித்தவறித் திருப்பிப் போட்டால் சில வருடத்தில் மஞ்சளாகிவிடும். முன்கதவு இரண்டு கேஸ் ஸ்ட்ரட்டில் (காரின் பின்கதவைத் தாங்கும் வாயுத் தண்டு போன்றது) தூக்கித் திறக்கும்படி இருந்தால், பார்க்கும் நேரத்தில் திறந்தே வைத்துவிடலாம். பிரதிபலிப்பும் குறையும், சூடும் குறையும். பெட்டி முழுவதும் உலோகமாக இருந்தால் வைஃபை உள்ளே தடுமாறும் என்பதை நினைவில் வையுங்கள். லேன் கேபிளுக்கும் ஒரு வழி விட்டுவிடுவது நல்லது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டுகிறோம். சிட்-அவுட்டில் டி.வி.யை எந்தத் திசை பார்க்க வைப்பது என்று கட்டும்போதே முடிவு செய்ய விரும்புகிறோம்.
*வாசகர், புதுச்சேரி*

கட்டும்போதே கேட்டீர்களே, அது நல்லது. கிழக்கும் மேற்கும் வேண்டாம். மீதம் வடக்கு, தெற்கு. புத்தகங்கள் வடக்கைச் சொல்லும். நம் கரைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை புதுச்சேரியில் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும். நண்பகலில் அது மிக உயரத்தில் நிற்பதால் கூரை மறைத்துவிடும். தொல்லை அக்டோபரில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை அடிப்பது அந்தப் பக்கமிருந்துதான். வடக்கு பார்த்த திரை மழையை முகத்தில் வாங்கும்.

தெற்கு பார்த்தால் மழைக்கு முதுகு காட்டி நிற்கும். டிசம்பரில் உச்சிச் சூரியன் தெற்கே ஏறக்குறைய 55 டிகிரி உயரத்தில் நிற்கும். திரைக்கு முன்னால் கூரை 5 அடி நீண்டிருந்தால், கூரை விளிம்பு மட்டத்திலிருந்து 7 அடி கீழே வரை நிழல் விழும். திரைக்கு அது தாராளம். நாலு மணிக்கு மேல் தென்மேற்கிலிருந்து சாய்வாக வெயில் வரும். மேற்குப் பக்கத்தில் சுருட்டி இறக்கும் ஒரு திரையோ ஜாலிச் சுவரோ போட்டுவிடுங்கள். எங்கள் தேர்வு தெற்கு பார்த்த திரைதான், வடபுறச் சுவரில் மாட்டி.

எவ்வளவு உள்ளே தள்ளி மாட்டுவது? காற்றோடு மழை 45 டிகிரியில் சாய்கிறது என்று வைத்துக் கோடு போடுங்கள். கூரை விளிம்பு 9 அடி, டி.வி.யின் அடி விளிம்பு 4 அடி உயரம் என்றால் வித்தியாசம் 5 அடி. விளிம்பிலிருந்து குறைந்தது 5 அடி உள்ளே இருக்க வேண்டும். புயல் காற்றில் மழை இன்னும் படுத்து 60 டிகிரி சாய்ந்தால் அதே கணக்கு 8 அடி 8 அங்குலம் ஆகிறது. அவ்வளவு இடம் இல்லையென்றால் புயல் எச்சரிக்கை வரும்போது கழற்றி உள்ளே வைக்கத்தக்க மவுன்ட்டைப் போடுங்கள்.

சுவர் எழுப்பும்போதே டி.வி. வரும் இடத்தில் ஏ.ஏ.சி. கல்லை (எடை குறைந்த நுரைக் கான்கிரீட் கல்) தவிர்த்து செங்கல்லோ கான்கிரீட்டோ வையுங்கள். ஏ.ஏ.சி.யில் சாதாரண ஆங்கர் பிடிக்காது, பசை ஊற்றி இறுக்கும் கெமிக்கல் ஆங்கர் வேண்டியிருக்கும். போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 வகை. கடைகளில் எஸ்.எஸ். என்று தருவது பெரும்பாலும் 304. கடற்காற்றில் சீக்கிரமே தேநீர்க் கறைபோல் துரு பூக்கும். 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால்தான் உப்பைத் தாங்குகிறது. அலுமினிய மவுன்ட்டில் எஸ்.எஸ். போல்ட் போடும்போது நடுவே நைலான் வாஷர் வையுங்கள். வைக்காவிட்டால் இரண்டு உலோகமும் உப்புநீரில் பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் அரித்துப் பொடியாகும். டி.வி.யின் முதுகில் போகும் திருகு 55 அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் எம்8. கையேட்டில் சொன்ன நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டரும் கூடுதலாக வேண்டாம், முனை உள்ளே போய் பேனலைக் குத்தும்.

இரண்டு தடவை பவர் போர்டு மாற்றியாகிவிட்டது. இரண்டு தடவையும் உள்ளே கருகிய பல்லி.
*வாசகர், தஞ்சாவூர்*

பல்லி வருவது இரண்டு காரணத்துக்காக: வெதுவெதுப்பு, திரை வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள். பல்லிக் குஞ்சு 4 மில்லிமீட்டர் இடுக்கிலும் போய்விடும், டி.வி.யின் காற்றுத் துளைகள் அதற்குத் திறந்த வாசல். பவர் போர்டில் வீட்டு மின்சாரம் நேராக நுழையும் பகுதியில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கும். அங்கே அதன் வாலும் காலும் இரண்டு முனையைத் தொட்டால் முடிந்தது.

துளைகளின் மேல் டேப் ஒட்டாதீர்கள், டி.வி. மூச்சுத் திணறும். கொசுவலை நேராக ஒட்டினாலும் காற்று பாதியாகக் குறையும். டி.வி.க்குப் பின்னால் சுவரில் 4 அங்குலம் தள்ளி ஒரு சட்டம் அமைத்து, 1 முதல் 1.5 மில்லிமீட்டர் கண்ணுள்ள எஸ்.எஸ். கொசுவலையைத் துளைகளின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு பரப்பில் சுற்றிலும் பொருத்துங்கள். கேபிள் நுழையும் இடத்தை ஸ்பாஞ்சால் அடையுங்கள். நாஃப்தலீன் உருண்டை வைப்பது வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பூச்சி மருந்தைத் துளைக்குள் அடிப்பது இன்னும் மோசம். சிட்-அவுட் விளக்கை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு, 2700 கெல்வின் எல்.இ.டி.க்கு மாற்றுங்கள், பூச்சி குறையும். முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலைகளில் டி.வி.யைப் போடவே வேண்டாம்.

மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும்? இடி மின்னலுக்குப் பயமாக இருக்கிறது. ஸ்டெபிலைசர் போதுமா?
*வாசகர், வேலூர்*

ஸ்டெபிலைசருக்கும் மின்னலுக்கும் சம்பந்தமில்லை. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் இன்றைய டி.வி.க்கு வோல்டேஜ் ஏற்ற இறக்கம் பெரிய பிரச்சினையும் அல்ல. மின்னல் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள்: மின்கம்பி, டிஷ் கேபிள், லேன் கேபிள். வீட்டின் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே மாடியில் ஓடும் நீண்ட செம்புக் கம்பிகளில் மின்தூண்டல் எழும். பல வீடுகளில் டி.வி.யின் எச்.டி.எம்.ஐ. போர்டு போவது செட்-டாப் பாக்ஸ் வழியாக டிஷ்ஷிலிருந்து வந்த அடியால்தான். எனவே செம்பைக் குறையுங்கள். மாடி டி.வி.க்கு லேன் கம்பி இழுப்பதற்குப் பதில், மாடிப்படி அறையில் ஒரு வைஃபை மெஷ் வையுங்கள். எச்.டி.எம்.ஐ. 10 மீட்டருக்கு மேல் போனால் ஆப்டிகல் கேபிள் போடுங்கள். டி.பி. பெட்டியில் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) டைப் 2 சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) பொருத்தும்போது அதன் கம்பிகள் இரண்டும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்கும்படி கேளுங்கள். நீளம் கூடினால் பலன் குறையும். இடி கேட்கத் தொடங்கியதும் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுவதுதான் இன்னமும் மிக நம்பகமான வழி.

டி.வி.யைவிட மனிதர் முக்கியம். மாடித் தரை ஈரமாக இருக்கும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். இந்தச் சர்க்யூட்டுக்குத் தனியாக, மின்னோட்டம் மிகுந்தால் விழும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். 100 மில்லிஆம்பியர் வகை உயிரைக் காக்காது. கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர், எர்த்தோடு. பிளக் செருகியிருக்கும்போதும் மூடி அடையும் ஐபி 66 சாக்கெட் பெட்டி; மூடினால் பிளக் இடிக்கும் வகை வேண்டாம். பல டி.வி.க்களுக்கு இரு முனைப் பிளக்தான் இருக்கும். எனவே உலோக மவுன்ட்டுக்கும் பெட்டிக்கும் தனியாக எர்த் கம்பி கொடுங்கள். கேபிள் எதுவும் மேலிருந்து நேராகச் சாக்கெட்டுக்குள் இறங்கக் கூடாது. சாக்கெட்டுக்குக் கீழே ஒரு சாண் தொங்கி மேலேறட்டும், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஆர்.சி.சி.பி.யின் ‘டி’ பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அன்றே மாற்றுங்கள்.

பனியும் மூடுபனியும் உள்ள ஊர். டி.வி.க்கு உறை போடலாமா?
*வாசகி, கொடைக்கானல்*

போடலாம், பாலிதீன் அல்லாமல் மூச்சுவிடும் துணி உறையாக. பாலிதீன் உறைக்குள் ஈரம் அடைபட்டு, வெளியில் இருப்பதைவிட அதிகமாக நனையும். அணைத்த உடனே மூடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். உறையின் அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டால் உள்ளே உலர்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் வீடு என்றால் கழற்றி அறைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். திரையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவங்கள் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சை உரித்துவிடும்.

மாடியில் சத்தமே கேட்பதில்லை. கூட்டினால் பக்கத்து வீட்டிலிருந்து புகார்.
*வாசகர், நங்கநல்லூர்*

அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தரும்; வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறைவதோடு சரி, திருப்பித் தர எதுவுமில்லை. டி.வி.யின் ஒலியைக் கூட்டாதீர்கள். நாற்காலிகளுக்குப் பக்கத்திலேயே, இரண்டு மீட்டருக்குள், ஐபி 65 வகை ஒலிபெருக்கி இரண்டை உட்கார்ந்திருப்பவரை நோக்கி வையுங்கள். பாதி ஒலியே போதுமாகிவிடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை.

மாதத்துக்கு இரண்டு முறைதான் மாடியில் உட்கார்ந்து பார்ப்போம். அதற்கு எது வாங்கலாம்?
*வாசகி, கும்பகோணம்*

எதுவும் வாங்க வேண்டாம், சக்கர ஸ்டாண்ட் ஒன்றைத் தவிர. மாடியிலேயே பூட்டுள்ள அறை இருந்தால், 43 அங்குல சாதாரண டி.வி.யை ஸ்டாண்டில் மாட்டி அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது உருட்டி வாருங்கள். சக்கரம் 4 அங்குலமாவது இருக்கட்டும், சின்னதாக இருந்தால் தளக்கல் இடுக்கிலும் வாசல்படியிலும் மாட்டிக் கவிழும். நான்கில் இரண்டுக்காவது பூட்டு வேண்டும். அடிச்சட்டத்தில் பத்துக் கிலோ மணல் மூட்டை வைத்தால் காற்றுக்கு அசையாது. இரவு ஏழு மணிக்கு மேல்தான் பார்ப்பீர்கள் என்றால் நிட்ஸ் கணக்கே தேவையில்லை.

அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. 22 டிகிரியில் குளிர்ந்திருக்கும் டி.வி.யை, 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள மாடிக் காற்றுக்குக் கொண்டுவந்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி வியர்க்கும். வெளியே திரையில் தெரியும் ஈரத்தைத் துடைத்துவிடலாம். அதே ஈரம் உள்ளே போர்டின் மேலும் இருக்கிறது. முக்கால் மணி நேரம் அப்படியே நிற்கவிட்டு, அதன் பிறகு பிளக்கைச் செருகுங்கள்.